அப்பப்பாவின் மொரிஸ் மைனர் பிக்கப்: பழைய எஞ்சினா, டட்சன் எஞ்சினா?

களுதாவளை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வளவில் மரமுந்திரிகை மரத்தடியில் ஒரு மொரிஸ் மைனர் பிக்கப் பதினொரு வருடமாக நிற்கிறது. அப்பப்பா வாங்கியது. பதிவுப் புத்தகத்தில் 1964 என்று இருக்கிறது. 1098 சீசீ எஞ்சின், ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு.

அப்பப்பா வெற்றிலைத் தோட்டக்காரர். விடியப்புறம் நாலு மணிக்கு வெற்றிலைக் கட்டுகளைப் பின்பெட்டியில் அடுக்கி, வாடாமல் இருக்க நனைத்த சாக்கால் மூடி, மட்டக்களப்புச் சந்தைக்குக் கொண்டு போவாராம். அவருக்குப் பிறகு அப்பா அதே வேலையை அதே பிக்கப்பில் செய்தார். நான் ஓடப் பழகியதும் அதில்தான். முதலாம் கியருக்கு மாற்றும்போது வரும் அந்த உறுமல் இப்போதும் காதில் கேட்கிறது.

பதினொரு வருடத்துக்கு முன் ஒருநாள் களுவாஞ்சிக்குடிக்குப் போகும்போது பட்டிருப்புச் சந்தியில் அப்பா பிரேக்கை மிதித்தார். கால் அடிவரை போனது, வாகனம் நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குக் கொண்டுவந்து மரத்தடியில் விட்டவர் மறுபடி சாவி போடவேயில்லை.

இப்போது அப்பாவுக்கு 68 வயது. அதைத் திரும்ப ஓட வைக்க வேண்டும் என்று தானாகவே சொன்னார். எனக்குச் சந்தோஷம். என் மகனுக்கு 12 வயது, அவனுக்கு அதைவிடச் சந்தோஷம். பிரச்சினை எங்கே என்றால், தோஹாவில் இருக்கும் தம்பி பாதிச் செலவை ஏற்கிறான், அவனுடைய யோசனை வேறு: டட்சன் காரின் ஏ12 எஞ்சின், அலோய் ரிம், முன்பக்கத்தைத் தரையோடு தாழ்த்திப் பதித்து, முழுக்கக் கறுப்பு. அப்பாவோ ஒரு நட்டைக்கூட மாற்றக் கூடாது என்கிறார். போனில் இருவரும் பேசிக்கொண்டால் கடைசியில் யாராவது ஒருவர் கட் பண்ணிவிடுகிறார். இடையில் நான்.

இன்னொரு விஷயம். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளியில் ஒரு தென்னை கெபின் மேல் சாய்ந்தது. மறுநாள் அப்பப்பா உள்ளே மல்லாந்து படுத்து, இரண்டு காலாலும் கூரையை உதைத்து மேலே தள்ளிவிட்டு ஓட்டிப் போனாராம். அந்தப் பள்ளம் இப்போதும் இருக்கிறது. தம்பி அதைத் தட்டி நிமிர்த்தச் சொல்கிறான்.

எங்கிருந்து தொடங்குவது? எஞ்சினை மாற்றுவது சரியா? பள்ளத்தை என்ன செய்வது? சனி ஞாயிறில் மட்டும்தான் எங்களுக்கு நேரம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

அக்கரைப்பற்று டட்சன்:

தங்கச்சி, உங்கள் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. என்னுடையதும் மைனர் பிக்கப்தான், 1969. ஏ12 போட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் போய் வருகிறேன், வழியில் ஒருநாளும் நின்றதில்லை. 1171 சீசீ. கிராங்குக்கு ஐந்து பெயரிங். மொரிசில் மூன்றுதான். நாலு கியரும் சத்தமில்லாமல் விழும். மொரிசின் முதலாம் கியரில் சிங்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ வைக்கும் பாகம்) இல்லை, நீங்கள் சொல்லும் உறுமல் அதுதான். எஞ்சின் பழைய இடத்துக்குள் நன்றாக அமரும், ஆனால் கியர்பொக்ஸ் தாங்கும் குறுக்குச் சட்டத்தை வெட்டி மாற்றவும் பின்பக்கத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் சாப்டை அளவுக்குக் குறைக்கவும் வேண்டி வரும்.

நான் விட்ட பிழையை நீங்கள் விட வேண்டாம். எஞ்சினை முதலில் போட்டேன், பிரேக் பழைய டிரம்தான். தம்பிலுவில் தாண்டி ஒரு வளைவில் மாட்டுப் பட்டி குறுக்கே வந்தது. கடைசி மாட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போதுதான் நின்றது. அடுத்த கிழமையே முன்சில்லுகளுக்கு டிஸ்க் போட்டேன். அதனால் பிரேக் முதல், எஞ்சின் பிறகு.

எஞ்சினை மாற்றினால் புது எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். வாங்கும் எஞ்சினுக்கு ஒழுங்கான ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

---

கல்லடியார்:

மகள், உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். எஞ்சினைப் பற்றி இப்போது யாரும் சண்டை பிடிக்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்குப் பயம் தந்த சொல் "நனைத்த சாக்கு".

இரண்டு தலைமுறையாக வெற்றிலைத் தண்ணீர் அந்தப் பின்பெட்டியில் வடிந்திருக்கிறது. பெட்டித் தகரத்தின் மூட்டுகளுக்குள்ளால் இறங்கி, செசி என்கிற அடிச்சட்டத்தின் மேல்தான் விழும். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரோட்டுத்தான் இருக்கும், களுதாவளை எனக்குத் தெரியும். மேலே உப்புக் காற்று, கீழே வெற்றிலைத் தண்ணீர். உங்கள் கறள் வெளியில் தெரியும் இடத்தில் இல்லை.

மைனர் கார் என்றால் பொடியே, அதாவது வெளிக்கூடே, செசி. பிக்கப்புக்கும் வானுக்கும் தனிச் செசி இருக்கிறது, அது உங்கள் அதிர்ஷ்டம். பின்பெட்டியைத் தனியாகக் கழற்றலாம். போல்டுகளுக்கு மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஒயிலும் கலந்து ஒரு கிழமைக்குத் தினமும் ஒள்ளுப்பம் விடுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்து கையோடு வரும். பெட்டி இறங்கிய பிறகு செசியைக் கழுவிக் காய விட்டு, ஒரு பழைய திருப்புளியும் சின்னச் சுத்தியலும் எடுத்து ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிப் போங்கள். நல்ல இரும்பு "டிங்" என்று சொல்லும். கெட்டது "டப்" என்னும், திருப்புளி உள்ளே இறங்கும். பின் ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் இடம், கெபினுக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டம், கதவுத் தூணின் அடி, இந்த மூன்றையும் விட்டுவிட வேண்டாம். ஓட்டை உள்ள இடத்தில் சோக்கால் வட்டம் போடுங்கள். மகனிடம் சோக்கைக் கொடுங்கள், அவன் ஒன்றையும் விடமாட்டான்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் எனக்கு நடந்தது அப்படி. 2011இல் செங்கலடியில் ஒரு மைனர் பிக்கப் வாங்கினேன். வாங்கிய கையோடு ஒரு கராஜில் விட்டுப் பெயின்ட் அடித்தேன். பளபளவென்று வந்தது. குடும்பமாக ஏறி மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போனோம், எல்லோரும் படம் எடுத்தார்கள். பத்து மாதத்தில் கதவுக்குக் கீழே அம்மைக் கொப்புளம் போலப் பெயின்ட் எழும்பியது. நகத்தால் கிள்ளினேன், ஓட்டை மறைக்கப் பூசும் பட்டிப் பசை கட்டியாக உதிர்ந்தது. உள்ளே இரும்பே இல்லை. பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி பூசி மறைத்திருந்தார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தில் எத்தனை தரம் போய் வந்திருப்பேன் என்பதுதான் மனதில் ஓடியது.

மறுகா நாங்களே செய்தோம். பதினாலு மாதம். நான் மின் வேலைக்காரன், மெக்கானிக் இல்லை. மனைவி தையல்காரி, சீற்றும் பின்பெட்டிக் கன்வஸ் கூடாரமும் அவளுடைய கை. மூத்தவள் வயரிங் முழுவதையும் படம் வரைந்து, நிறம் நிறமாகக் குறித்துப் புதிதாக இழுத்தாள். இப்போது அவள் பேராதனையில் பொறியியல் படிக்கிறாள். சின்னவன் நட்டுப் பொறுப்பு: கழற்றும் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பால்மா டின்னில் போட்டு, எந்த இடத்தது என்று ஒட்டி வைப்பான். முப்பத்தாறு டின். பூட்டும்போது ஒரு நட்டுக்கூடக் குறையவில்லை. வெல்டிங்கை மட்டும் தாண்டவன்வெளியில் ஒரு பறங்கிப் பாஸிடம் (கைத்தொழில் மேஸ்திரியிடம்) கொடுத்தோம். அவருடைய தகப்பன், பாட்டன் எல்லோரும் இரும்பு வேலைக்காரர்கள். அவர் பட்டியைத் தொடவே மாட்டார். அழுகியதை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எறிந்துவிட்டு, அதே கனத் தகடு வைத்து ஒட்டுவார்.

சரி, உங்கள் பிரேக்குக்கு வருவோம். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே செசிக் காலுக்குள் இருக்கும். புழுதியும் தண்ணீரும் நேராக அதில்தான் படும். கம்பளத்தைத் தூக்கினால் ஒரு தகட்டு மூடி தெரியும், அதைத் திறந்துதான் பிரேக் ஒயில் பார்க்க வேண்டும். மூடியே தெரியாமல் காலம் தள்ளியவர்கள் நிறைய. சிலிண்டரைக் கழற்றப் போனால் முன்பக்க டோர்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) போல்டுக்குக் குறுக்கே நிற்கும். பாரைத் தளர்த்தாமல் போல்ட் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரோடு நாலு சில்லுகளிலும் இருக்கும் பிரேக் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பதினொரு வருடம் நின்ற ரப்பரை நம்பி ஓட முடியாது.

முன்சில்லைத் தாங்கும் டிரனியன் பற்றியும் சொல்ல வேண்டும். மேலும் கீழும் மரை வெட்டிய இரும்புத் துண்டு, அதற்குள் திரும்பித்தான் சில்லு கிறுகும். ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கீழ்த் துண்டு கழன்று சில்லு உள்ளே மடிந்துவிடும். அநேகமாக மெதுவாக வளைக்கும்போது நடக்கும். கண்டிருக்கிறேன். அலோய் ரிம்முக்கு வைத்திருக்கும் காசில் முதலில் இதை வாங்கச் சொல்லுங்கள்.

எஞ்சினைச் செல்ப் ஸ்டார்டரில் அடிக்க வேண்டாம். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் இரண்டு மேசைக்கரண்டி ஒயில் விட்டு நாலைந்து நாள் விடுங்கள். பிறகு கிராங் கைப்பிடியைப் பம்பருக்குள்ளால் விட்டு மெல்ல அசையுங்கள். கைப்பிடி தொலைந்திருந்தால் சொல்லுங்கள், என்னிடம் இரண்டு இருக்கிறது.

பற்றரி வைக்கும்போது கவனம். இந்த வாகனத்தில் பிளஸ் முனைதான் பொடியில் பூட்டப்பட்டிருக்கும். இப்போதைய பழக்கத்தில் மைனசைப் பொடிக்குக் கொடுத்து எத்தனையோ பேர் கெடுத்திருக்கிறார்கள்.

இனி அப்பாவும் தம்பியும். எங்கள் வீட்டிலும் இதே சண்டை நடந்தது, நானும் மூத்தவளும். கடைசியில் ஒரு கோடு போட்டோம்: திரும்பக் கழற்றி எடுக்கக்கூடிய மாற்றம் எதுவாக இருந்தாலும் பிள்ளைகள் விருப்பம், வெட்டினால் திரும்பி வராத எதுவும் என் விருப்பம். அலோய் ரிம் நாலு நட்டு விஷயம். பழைய ரிம்மைக் கிரீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வைத்தால் போதும், தம்பிக்குக் கொடுங்கள். சீற் பெல்ட் கட்டாயம் போடுங்கள், அதில் அப்பாவைக் கேட்க வேண்டாம். டிஸ்க் பிரேக்கும் போல்டில் பூட்டுவதுதான். பிறகு வந்த மொரிஸ் மரினா காரின் முன் அமைப்பே மைனரில் இருந்து வந்தது, அதன் டிஸ்க்கை மைனருக்கு ஏற்றுவது இங்கிலாந்திலும் பழைய வழக்கம். எஞ்சினுக்குச் சட்டம் வெட்ட வேண்டும் என்று அக்கரைப்பற்றுத் தம்பி சொல்கிறார். அப்படியானால் அது அப்பாவின் பக்கம். 1098இன் சத்தம்தான் அவருக்கு அந்த வாகனம். முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். புளொக் வெடித்திருந்தால், கிராங் தேறாது என்றால், அப்போது டட்சனைப் பற்றிப் பேசலாம். முன்பக்கம் பதிப்பது எங்கள் ஊருக்குச் சரிவராது. மாரியில் ஒழுங்கை முழுக்க வெள்ளம் நிற்கும், அது உங்களுக்குத் தெரியும்தானே.

பெயின்ட் கடைசி. மாரி ஈரத்தில் அடித்தால் மேலே வெள்ளைப் பூப் பூக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கி முற்றத்துப் புழுதியெல்லாம் ஈரப் பெயின்டில் ஒட்டும். மாசி, பங்குனியில், விடியக் காற்று எழும்ப முதல் அடியுங்கள்.

அந்தப் பள்ளம். உள்ளே கூரைத் துணியைக் கழற்றி, கறள் சுரண்டி, பிரைமர் பூசி, ஒழுகாமல் செய்யுங்கள். வெளியே சுத்தியல் படக் கூடாது. கறுப்போ பச்சையோ, பெயின்ட் அதன் மேலேயே போகட்டும். ஒரு மனிதன் தன் காலால் நிமிர்த்திய கூரை அது. எந்தப் பாஸும் அதைவிடத் திறமாகச் செய்ய முடியாது.

---

ஸ்காபரோ மட்டக்களப்பான்:

கல்லடி அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றமாட்டேன். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

ஒன்று, பெட்ரோல். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. மொரிஸ் எஞ்சினின் பழைய வார்ப்பிரும்பு ஹெட், வால்வு அமரும் இடம் தேயாமல் இருக்க அந்த ஈயத்தைத்தான் நம்பியிருந்தது. ஈயம் இல்லாமல் நீண்ட தூரம், வேகமாக ஓடினால் எக்சோஸ்ட் வால்வுகள் மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் இறங்கும். எஞ்சினைப் பிரிக்கும்போதே லேத்தில் கொடுத்துக் கடின இரும்பு சீற் வளையங்கள் போட்டுவிடுங்கள். பிறகு இன்னொரு முறை ஹெட்டைக் கழற்ற வேண்டி வராது.

இரண்டு, உதிரிப்பாகம். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்காதது இங்கிலாந்தில் கிடைக்கும், மைனருக்கென்றே கடைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அந்தக் கடைகளுக்கே மைனர் பொடிப் பாகங்கள் நம் நாட்டின் தென்பகுதியில் செய்து போனது. வாங்கும் மட்காட்டின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், நம் ஆட்களின் கைவேலையாகவும் இருக்கலாம்.

நான் இருக்கும் தெருவில் ஒரு குடும்பம், தகப்பனும் இரண்டு பெண் பிள்ளைகளும், 1950களின் செவ்ரொலே 3100 பிக்கப் ஒன்றைக் குளிர்காலம் முழுக்கக் கராஜில் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரேக்கும் வயரிங்கும் புதுசு. வெளிப் பெயின்ட் மட்டும் வெயிலில் வெளிறியது வெளிறியபடி, அதன் மேல் கண்ணாடிப் பூச்சு அடித்து அப்படியே காப்பாற்றுகிறார்கள். கதவில் பழைய பண்ணையின் பெயர் பாதி அழிந்து தெரியும், அதை அழிக்கவில்லை. உங்கள் கூரைப் பள்ளத்தைப் பற்றி வாசித்தபோது அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது.

---

களுதாவளை மகள்:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பின்பெட்டி இறங்கிவிட்டது. பதினாறு போல்டில் மூன்று முறிந்தது. கல்லடி மாமா சொன்ன இடம் எல்லாவற்றிலும் மகன் சோக் வட்டம் போட்டிருக்கிறான்: இடது பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்தில் என் கட்டைவிரல் போகும் ஓட்டை, குறுக்குச் சட்டத்தில் இரண்டு, கதவுத் தூணில் ஒன்று. மற்றபடி செசி "டிங்" என்கிறது. அப்பா ஒவ்வொரு வட்டத்தையும் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சாக்குத் தண்ணீர்தான், நான்தான் கழுவாமல் விட்டேன்" என்றார். அன்று முழுக்க அவர் அதிகம் பேசவில்லை. மறுநாள் நான் எழும்ப முதலே வயர் பிரஷோடு கீழே படுத்திருந்தார்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் பழைய பச்சை நிறம் கிடைத்தது. மேலே மூன்று தரம் வேறு நிறம் அடித்திருக்கிறார்கள், அந்த இடத்துக்கு மட்டும் பிரஷ் போகவில்லை. படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். கறுப்பு என்ற பேச்சை அவனே விட்டுவிட்டான். கல்லடி மாமா போட்ட அந்தக் கோடு பற்றியும் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். ரிம் அவனுக்கு, எஞ்சின் அப்பாவுக்கு. டிஸ்க் பிரேக்குக்கு இருவரும் சம்மதம், பட்டிருப்புச் சந்தியை அப்பா மறக்கவில்லை. டிரனியனுக்குத் தம்பி காசு போட்டுவிட்டான்.

கைப்பிடி எங்களிடமே இருந்தது, சீற்றுக்குப் பின்னால். ஒயில் விட்ட ஐந்தாம் நாள் அப்பா அசைத்தார், வரவில்லை. ஆறாம் நாள் அரை விரல் அசைந்தது. ஏழாம் நாள் முழுச் சுற்று. நாலு சிலிண்டரிலும் மூச்சு வருகிறது. தலைகீழ் முனையைக் கவனித்துப் பற்றரி பூட்டினோம். பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பியவுடன் பம்ப் "டிக் டிக் டிக்" என்று தொடங்கியது. அப்பா எங்களை எல்லாம் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அதையே கேட்டுக்கொண்டு நின்றார்.

ஆனால் அது நிற்கவேயில்லை. முன்பெல்லாம் பத்துப் பதினைந்து தட்டில் நின்றுவிடும் என்கிறார். இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பயந்து நிறுத்திவிட்டோம். காபரேட்டருக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பம்ப் போய்விட்டதா?

---

கல்லடியார்:

பம்ப் நல்லது மகள். பெட்ரோல் ஏறாதபோதுதான் அது நிற்காமல் தட்டும். காபரேட்டர் நிறைந்தால் தானாக நின்றுவிடும். பெட்ரோல் தாங்கிக்குள் பதினொரு வருடத்துக் கறளும் பழைய பெட்ரோலின் பிசினும் படிந்து உறிஞ்சும் குழாயை அடைத்திருக்கும். இல்லாவிட்டால் குழாய் மூட்டு எங்கேயாவது காற்று இழுக்கிறது. தாங்கியைக் கழற்றுங்கள், பெட்டி இல்லாததால் இப்போது லேசு. மிச்சப் பெட்ரோலை வெளியில், அடுப்புக்குத் தூரமாக வடியுங்கள். உள்ளே ஒரு பிடி சின்ன நட்டுகளும் மண்ணெண்ணெயும் போட்டு, மகனும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கட்டும். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். போட்ட நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கச் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்லாற்றுப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. சம்மதம் என்றால் திரும்பும்போது அந்த வழியாக வந்து பார்க்கிறேன். மனைவியும் வருவாள், கன்வஸுக்கு அளவெடுக்க.